நூற்றுக்கு அறுபது

பண்ணைக்காட்டில் குடையோடு நடப்பவரை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பதில்லை. மாதத்தில் பாதி நாள் அங்கே மழை பெய்யும். மீதி நாள் பெய்யப்போவதுபோல் இருக்கும். அதனால் அவர் கையில் எப்போதும் இருந்த நீளமான கறுப்புக் குடையை நானும் வெகு நாள் கவனிக்கவில்லை. ஒரு நாள் என் கவுண்டரில் சாய்த்து வைத்திருந்த குடை சரிந்து உள்பக்கமாக விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், நுனியில் ரப்பர் புஷ் மாட்டியிருந்தது. இரும்பு நாற்காலியின் காலுக்கு மாட்டுவார்களே, அது. ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்தது. குடைத் துணியிலோ கடையிலிருந்து வாங்கி வந்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. மழையில் நனைந்துகொண்டே, மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு வருவார். விரித்துவிட்டால் ஊன்ற முடியாது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். குடை நனைந்தால் துருப்பிடித்துவிடும் என்று ஜெனரல் அதை மடக்கியே வைத்திருக்கிறார் என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கஞ்சன் என்ற பெயர் அவருக்கு ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை.

அவர் ஜெனரல் இல்லை. சிப்பாய்க்கு இரண்டு படி மேலே, நாயக் என்ற பதவியில் இருந்தபோது ராணுவத்தை விட்டு வந்தவர். நான் பழனியில் பிறந்து வளர்ந்தவள். வங்கியில் அதிகாரியாகப் பதவி உயர்வு கிடைத்ததும் பண்ணைக்காட்டுக் கிளைக்குப் போட்டார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தேன். சிறிய கிளை. மேனேஜர், நான், காசாளர், ஒரு கடைநிலை ஊழியர், அவ்வளவுதான். ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் என் கவுண்டருக்குத்தான் வருவார்கள். நவம்பர் மாதம் உயிர்ச் சான்றுக்காகக் கைரேகை வைக்க வருபவர்கள் அந்த வருடத்துக்கான தங்கள் நோயெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சர்க்கரை, கண், மருமகள் என்று வரிசையாக வரும். இவர் மட்டும் கைரேகையை வைத்துவிட்டு, "அவ்வளவுதானுங்களே மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரே ஒரு குறைதான் சொல்வார். ரோடு சரியில்லை. பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்தால் ரோடு சரியில்லை. வங்கிப் படியில் நின்று மூச்சு வாங்கினால், "இந்தப் படிய எவன் கட்டுனான்னு தெரியல, ஒண்ணு ஒசரமா இருக்கு, ஒண்ணு தாழ்ந்து கெடக்கு" என்பார். பஸ் சரியில்லை, செருப்பு சரியில்லை, மழை சரியில்லை. சரியில்லாத பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் அவருடைய கால் மட்டும் வராது.

காலுக்கு என்ன ஆனது என்பதை அவர் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருந்தார். எங்கள் மேனேஜரிடம் கால்பந்து விளையாட்டில் அடிபட்டது என்றும், டீக்கடையில் பனியில் வழுக்கிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். உண்மை அவருடைய ஓய்வூதியக் காகிதத்தில் இரண்டு வரியில் இருந்தது. வடக்கே ஒரு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, வலது இடுப்பும் முழங்காலும் நசுங்கியிருக்கின்றன. இப்படி அடிபட்டு வருபவர்களை ராணுவ மருத்துவக் குழு பரிசோதித்து, ஊனம் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் போடும். அந்த எண்ணைப் பொறுத்து ஓய்வூதியத்தோடு கூடுதலாக ஒரு தொகை வரும். அவருக்குப் போட்டிருந்த எண் இருபது. படுக்கையில் கிடந்தவரிடம் டாக்டர்கள் வந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம். நன்றாக இருக்கிறது என்றாராம் இவர். இந்தத் தகவலை எனக்குச் சொன்னது அவர் மனைவி பாண்டியம்மாள்.

பாண்டியம்மாள் நேர் எதிர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறிக்கப் போவார். மழையில்லாத நாளில் சம்பளத்தில் கொஞ்சத்தை மகளிர் குழுக் கணக்கில் கட்ட வருவார். கட்ட இரண்டு நிமிடம் ஆகும்; பேச இருபது நிமிடம். வரிசையில் ஆள் நின்றாலும் நிறுத்த மாட்டார். அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மேக்காட்டில்தான் போய் முடியும்.

மேக்காடு என்பது ஊருக்கு மேலே செங்குத்தான சரிவில் இருந்த ஒரு ஏக்கர் நிலம். சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், நடுவில் காப்பிச் செடி. பாண்டியம்மாள் தாய்வீட்டில் போட்ட நகையை விற்றுக் கணவர் பெயரில் வாங்கியது. அதை அவர் ஒரு பங்குனி மாதத்தில், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டார். நல்ல விலை வந்தது என்றார். பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் மகள் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டார். கல்யாணமும் நல்லபடியாக நடந்து மகள் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஆனாலும் பாண்டியம்மாளுக்கு ஆறவில்லை.

"சோம்பேறித்தனந்தான் மேடம், வேற என்ன" என்று எங்கள் கவுண்டரில் நின்றே சொல்வார். ராணுவத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு மேட்டில் ஏறி இறங்க வலிக்கிறது என்பது அந்த அம்மாளின் கட்சி. ஊரும் அதைத்தான் சொன்னது. வீட்டோடு இருந்த கொஞ்சம் நிலத்திலும் மிளகு பறிக்க ஆளை ஏற்றிவிட்டு இவர் மரத்தடியில் குடையோடு நின்றுகொண்டு, "அந்தக் கொத்து விட்டுப்போச்சு பாரு, ஏலே, வலது பக்கம்" என்று கட்டளை போடுவார். ஜெனரல் என்ற பெயர் அப்படி வந்ததுதான். மேக்காட்டை வாங்கியவர் அதில் பறிப்புக்கு ஆள் கூப்பிட்டபோது பாண்டியம்மாளும் போனார். தன் நகையை விற்று வாங்கிய காட்டில் கூலிக்குப் பறித்துவிட்டு, அந்தக் கூலியைத்தான் என்னிடம் கொண்டுவந்து கட்டினார்.

நான் போன இரண்டாவது வருடம், ஐப்பசியில் என்று நினைக்கிறேன், ஒரு நாள் அந்த அம்மாள் குழுப் பணம் எதுவும் இல்லாமல் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். முந்தின நாள் காலை வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது கணவர் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்திருக்கிறார். வெயிலுக்கு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு. எப்போது விழுந்தார் என்று சொல்லவில்லை. காலையில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, தொட்டியின் அடியில் கசிகிறதா என்று பார்க்கப் படுத்தேன் என்றாராம்.

"கசியுதான்னு கேட்டேன் மேடம். லேசா கசியுதுன்னாரு. அப்பவும் எந்திரிக்கல. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி விட்டோம்."

கவரில் பழைய காகிதங்கள் இருந்தன. பாண்டியம்மாளின் சொந்தக்காரர் ஒருவர், அவரும் முன்னாள் ராணுவத்தினர்தான், கால் மோசமாகிவிட்டால் மறுபடியும் மருத்துவக் குழு முன்னால் போய் எண்ணைக் கூட்டிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நடைமுறை அவ்வளவாகத் தெரியாது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும் என்றார். மறுநாள் நாலு மணிக்கு மேல் கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

இருவரும் வந்தார்கள். மேனேஜர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாள், பக்கத்தில் அவர். அன்றாட வேலைகளில் எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். படி ஏற முடிகிறதா என்றால் ஏறுவேன் என்றார். தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்றால் அதெல்லாம் முடியும் என்றார். நடை? அது ரோட்டைப் பொறுத்தது. நான் பேனாவை மூடி வைத்தேன். இப்படி எழுதி அனுப்பினால் இருக்கிற இருபதையும் எடுத்துவிடுவார்கள் என்றேன்.

பாண்டியம்மாள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எழுதுங்க மேடம், நான் சொல்றேன். கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது. கக்கூசுல செவுத்து ஆணியில கயிறு கட்டி வச்சிருக்காரு. அதப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறது. கேட்டா துணி காயப்போடன்னு சொல்றாரு. கக்கூசுக்குள்ள யாரு துணி காயப்போடுவா? வலது பக்கம் படுக்க முடியாது. பஸ்ஸுல கடேசி ஆளாத்தான் ஏறுவாரு, பொம்பளைங்களுக்கு வழி விடுறாராம். கோயில்ல விழுந்து கும்புடுறதில்ல. சாமி நம்பிக்க போயிருச்சுன்னு சொல்லிட்டாரு. நம்பிக்க போனவரு கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெரதம் இருக்காரு."

நான் எழுதிக்கொண்டே போனேன். அவர் சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக, மூத்த குடிமக்களுக்கான விகிதம் வரைக்கும். அந்த அம்மாள் சொல்லி முடித்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"வலது பக்கம் படுக்கலாம் மேடம்" என்றார். "கொஞ்ச நேரம்."

அதையும் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். கையெழுத்துப் போடும்போது ஒன்று கேட்டார். இந்த விண்ணப்பம் போனால் பழைய பேப்பரை எல்லாம் எடுத்துப் பார்ப்பார்களா? பார்ப்பார்கள், அதுதானே முறை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டார். பாண்டியம்மாளும் ஓர் இடத்தில் போட வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றும் வேண்டும் என்று விதி இருந்ததால் வத்தலக்குண்டில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் என்று பாண்டியம்மாள் அதை எங்கள் காசாளர் வரைக்கும் காட்டினார்.

மருத்துவக் குழு நீலகிரியில் ஒரு ராணுவ மருத்துவமனையில் கூடியது. வெள்ளனே கிளம்பிப் பஸ் மாறிப் பஸ் போய், ராத்திரி தங்கி, மறுநாள் காட்டிவிட்டு வந்தார்கள். வீரத்தைக் காட்ட வேண்டாம் என்று நானும் சொல்லி அனுப்பியிருந்தேன். டாக்டர் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னாராம். முடியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். இவர் உட்கார்ந்தே விட்டார். பிறகு எழ முடியவில்லை. இரண்டு ஆர்டர்லிகள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது, தரை ரொம்ப வழவழப்பாக இருக்கிறது, வயதானவர்கள் வருகிற இடம், கவனிக்க வேண்டும் என்று அவர்களிடமே சொன்னாராம். பாண்டியம்மாள் இதைச் சொன்னபோது எங்கள் மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு அந்த வாரக் குழுப் பணம் கட்டும் சீட்டை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு எட்டு, ஒன்பது மாதம் ஒன்றும் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்கள் இருவரின் பெயரிலும் இருந்த கணக்கில் மூன்று லட்சத்துச் சொச்சம் வரவாகியிருந்தது. தவறுதலாக வந்த பணமோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டாலும் முப்பது, நாற்பதாயிரத்துக்கு மேல் வரக் காரணமில்லை. அன்றே மத்தியானம் அவர்களும் வந்தார்கள். பதிவுத் தபாலில் கடிதம் வந்திருந்தது. ஆங்கிலம். பாண்டியம்மாள் உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கணவர் இரண்டு அடி பின்னால் நின்றார்.

கடிதம் ஒரே பக்கம். ஊனத்தின் அளவு இருபதிலிருந்து அறுபதாக உயர்த்தப்படுகிறது. அதுவரை படித்துச் சொன்னதும் பாண்டியம்மாள் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முருகா என்றார். நான் மேலே படித்தேன். இந்த உயர்வு எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பது அடுத்த வரியில் இருந்தது. ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு தை மாதத் தேதி. அச்சுப் பிழையாக இருக்கும் என்று மறுபடியும் படித்தேன். பிழை இல்லை. அதற்கான காரணத்தையும் எழுதியிருந்தார்கள். இவர் அந்தத் தேதியில் ஏற்கெனவே ஒரு மருத்துவக் குழு முன்னால் போயிருக்கிறார். அந்தக் குழுவும் அறுபது என்றுதான் போட்டிருக்கிறது. தொகையைக் கூட்டித் தர, மனைவியின் கையெழுத்தும் மனைவியோடு சேர்ந்த புகைப்படமும் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. கோப்பை மூடி வைத்துவிட்டார்கள். இப்போது கையெழுத்தும் படமும் வந்துவிட்டதால், பழைய தேதியிலிருந்தே கொடுக்கிறோம் என்று முடித்திருந்தார்கள்.

இதைத் தமிழில் சொல்வது என் வேலை. இருப்பதை இருப்பதுபோல் சொன்னேன். பிறகு யோசித்தால், பணம் வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமோ என்று தோன்றியதுண்டு. அன்று அப்படித் தோன்றவில்லை.

பாண்டியம்மாள் தேதியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். விரல் மடித்து எண்ணினார். அந்தத் தை மாதம் இவர் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் கூடுகிறார்கள், கோயம்புத்தூர் போகிறேன் என்று சொல்லிப் போனதும், திரும்பி வரும்போது தனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்ததும் அந்த அம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. தைக்குப் பிறகு மாசி. மாசிக்குப் பிறகு பங்குனி. அங்கே விரல் நின்றுவிட்டது.

பாண்டியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். அதுவரை என் முன்னால் கணவரை வாங்க போங்க என்றுதான் பேசிக் கேட்டிருக்கிறேன்.

"காலு முடியாமத்தான் மேக்காட்ட வித்தியாய்யா?"

காசாளரிடம் ஒருவர் சில்லறை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள் எண்ணி முடித்துப் போகும்வரை இவர் காத்திருந்தார்.

"ஆமா" என்றார்.

"அப்ப எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ ஒத்தையில ஏறுவே. வித்துட்டா ரெண்டு பேரும் ஏற வேண்டியதில்ல."

"இப்ப நான் ஏறாமயா இருக்கேன்? அதே காட்டுல கூலிக்கு ஏறுறேன்ல."

பாண்டியம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்க எளிதாக இருந்திருக்கும். ஏழு வருடமாகச் சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தக்காரர்கள் முன்னால்கூடச் சொன்னேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சோம்பேறின்னா என்னைக்காவது திருந்துவான்னு நெனச்சுக்கிருவே" என்றார். "காலுன்னு சொல்லிட்டா, அதுக்கப்பறம் நெனைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

பாண்டியம்மாள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். பணம் எதுவும் எடுக்கவில்லை. இருவரும் வெளியே போனார்கள். படியில் அந்த அம்மாள் முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகத் தெரிந்தது. அடுத்த வாரம் கணவர் மட்டும் தனியாக வந்தார். பணம் முழுவதையும் எடுத்தால் ஏதாவது பிடித்தம் இருக்கிறதா என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் கேட்டேன். மேக்காட்டைத் திரும்ப வாங்க முன்பணம் கொடுக்கப்போகிறாராம். தோட்டக்காரர் இப்போது நான்கு மடங்கு விலை சொல்கிறாராம். மீதிக்குக் கடன் கிடைக்குமா என்றும் கேட்டார். வீட்டில் சொல்லியாகிவிட்டதா என்றேன். வாங்கிய பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றார்.

முதல் முறையாக அவரிடம் எனக்கு எரிச்சல் வந்தது. கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறது, இவ்வளவு பெரிய தொகை என்றால் இருவரும் வருவதுதான் நல்லது என்றேன். விதிப்படி அப்படி ஒன்றும் இல்லை. அவர் ஒருவரே எடுக்கலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாடிக்கையாளரிடம் நான் விதியை மாற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பாண்டியம்மாளோடு வந்தார். விஷயம் வீட்டில் உடைந்திருந்தது. அந்த அம்மாள் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"காட்ட வாங்கி யாரு ஏறுறது மேடம்? இவரா? இல்ல நான் கூலி இல்லாம ஏறணுமா? இப்பவாச்சும் கூலி தர்றான்."

பாண்டியம்மாள் பாதியை இருவர் பெயரிலும் வைப்பு நிதியில் போட்டார். மீதியை எடுத்துக்கொண்டுபோய், இரண்டே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே குளியலறையோடு சேர்த்து உட்காரும் கோப்பை வைத்த கழிப்பறை கட்டினார். சுவரில் இரண்டு பக்கமும் பிடித்து எழ எஃகுக் குழாய் பதித்தது. கொத்தனாரை நிற்கவிடாமல் வெரசா முடி, வெரசா முடி என்று விரட்டினார் என்று கேள்வி. ஊரில் யார் கேட்டாலும், மகள் திருப்பூரிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள், நகரத்தில் பழகியவளுக்கு வெளியே போய் வரக் கஷ்டம், அவளுக்காகக் கட்டினேன் என்று சொன்னார். பணம் ஏது என்று எங்கள் கவுண்டர் வரிசையிலேயே ஒருத்தி கேட்டாள். ராணுவத்தில் எல்லோருக்கும் சம்பளத்தைத் திருத்திப் பழைய பாக்கி கொடுத்திருக்கிறார்கள் என்று பாண்டியம்மாள் கூசாமல் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாளும் என்னை நேராகப் பார்த்தார். நான் குனிந்து சீட்டில் முத்திரை குத்தினேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று நான் போட்டிருந்த கணக்கு அன்று தப்பிப் போனது.

சோம்பேறி என்று மட்டும் அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயிலிருந்து வரவில்லை. ஊர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது மாசி மாதம். சாமான்களை முன்பே அனுப்பிவிட்டு, கடைசி நாள் மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வங்கியிலிருந்து நிறுத்தம் வரைக்கும் மேடு. எனக்கு முன்னால் அவர்கள் இருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடையிலிருந்து வருகிறார்கள் போல. பாண்டியம்மாளின் தலையில் அரிசிப் பை. முப்பது நாற்பது அடி போனதும் பாண்டியம்மாள் நின்றார். பையை இறக்கி மதகுச் சுவரில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து வலது முழங்காலைப் பிடித்து நீவிக்கொண்டார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எழுந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பாண்டியம்மாள் மறுபடியும் நின்றார். இந்த முறை இடது முழங்கால்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் நான் தோழி ஒருத்தியோடு மேக்காட்டுப் பக்கம் போயிருந்தேன். மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாள் ஏணியில் உச்சி வரைக்கும் ஏறி, மடி நிறைய மிளகோடு, இரண்டு கைகளையும் விட்டுவிட்டு இறங்கி வந்ததை அங்கே நின்று பார்த்தேன். எங்களோடு பேசிவிட்டு உடனே அடுத்த மரத்துக்கு ஏறினார்.

நான் அவர்களை எட்டியபோது இருவரும் மூன்றாவது முறையாக உட்கார்ந்திருந்தார்கள். மாற்றலாகிப் போகிறேன் என்று சொன்னேன். பாண்டியம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நல்லா இரு தாயி என்றார். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. நான் கிளம்பியபோது அவர் மட்டும் எழுந்து, வழியனுப்புவதுபோல் நான்கு எட்டு என்னோடு வந்தார். மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மதுரையில முட்டிக்கு நல்ல டாக்டர் யாராவது இருந்தா விசாரிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார். "பாவம், அவளால மேடு ஏற முடியல. கேட்டா ஒண்ணுமில்லைன்னு மறைக்கிறா."